பத்துக்கு 6.4: பிட்ச்ஃபோர்க் தரும் இசை மதிப்பெண்கள்

பிட்ச்ஃபோர்க் இணைய இதழில் எந்த ஆல்பத்தின் விமர்சனத்தைத் திறந்தாலும், படிக்கத் தொடங்கும் முன்பே ஓர் எண் பெரிதாகக் கண்ணில் படுகிறது. பூஜ்யத்திலிருந்து பத்து வரை, அதுவும் தசமப் புள்ளியோடு: 7.3, 8.1, 5.8. ரயன் ஷ்ரைபர் என்ற இளைஞர் 1996-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் பகுதியில் தொடங்கி, பின்னர் சிகாகோவுக்குக் கொண்டுசென்ற இந்த இதழை 2015-இல் காண்டே நாஸ்ட் என்ற பத்திரிகை நிறுவனம் வாங்கியது. 2024-இல் அதை ஜி.க்யூ. என்ற தன் ஆண்கள் இதழோடு இணைத்தது. இதழ் கைமாறிய பிறகும் அந்த எண் நிலைத்திருந்தது. பல ஆண்டுகளாக இதைப் படித்து, இது காட்டிய வழியில் எத்தனையோ ஆல்பங்களைத் தேடிக் கேட்டவன் நான். அந்த எண்ணைக் கேட்பவருக்குத் தரப்படும் ஒரு சேவையாகவே எடுத்துக்கொண்டு, அது எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

இசைக்கு மதிப்பெண் போடுவதற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் வார இதழில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969-இல் பள்ளித் தேர்வைப் போல எழுத்துத் தரங்கள் கொடுத்து ஆல்பங்களை மதிப்பிடத் தொடங்கியபோது, அந்தப் பத்திக்கு நுகர்வோர் வழிகாட்டி என்றே பெயர் வைத்தார். கேட்டுப் பார்க்க வழியில்லாமல் கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஓர் இசைத்தட்டு வாங்கப் போகிறவருக்கு, எதை வாங்கலாம் என்று சுருக்கமாகச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். இன்று ஸ்ட்ரீமிங் செயலியில் மாதச் சந்தா கட்டியவர், விமர்சனத்தைப் படித்து முடிக்கும் நேரத்துக்குள் இரண்டு பாடல்களைக் கேட்டே பார்த்துவிடலாம். வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி போய்விட்டது. அந்தக் கேள்விக்கு விடையாக வந்த எண் மட்டும் தங்கிவிட்டது.

அந்தத் தசமப் புள்ளியைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. காய்ச்சல் பார்க்கும் கருவி 101.3 காட்டினால், வேறு யார் வைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய அதையே காட்டும். 7.3 என்பது அப்படிப்பட்ட அளவு இல்லை, 7.4 பெற்ற ஆல்பத்துக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் அந்தப் புள்ளி ஒன்றுக்கு என்ன பொருள் என்று இன்றுவரை எந்த விமர்சனத்தைப் படித்தும் எனக்கு விளங்கியதில்லை. விமர்சனத்தில் ஒருவர் பெயர்தான் இருக்கும். மதிப்பெண்ணோ ஆசிரியர் குழுவோடு கலந்து முடிவாவது. எழுத்து ஒருவருடைய காதிலிருந்தும், எண் ஒரு கூட்டத்தின் பேரத்திலிருந்தும் வருவதால், பாராட்டி எழுதிய கட்டுரையின் தலையில் 6.8 நிற்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஒவ்வோர் அளவுகோலுக்கும் தனி வழக்கம் உண்டு என்பது ஆனந்த விகடனின் திரை விமர்சனங்களைப் படித்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அங்கே நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டினாலே பெரிய செய்தியாக இருந்தது. பிட்ச்ஃபோர்க்கில் பத்துக்கு ஐந்து என்றால் அந்த ஆல்பத்தைத் தொட வேண்டாம் என்றே வாசகர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். எண்ணிக்கையில் இரண்டும் பாதிதான். சொல்லும் சேதி நேர் எதிரானது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் பல இதழ்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி காட்டும் மெட்டாக்ரிட்டிக் போன்ற சேவையை நான் நம்புவதில்லை.

இனி தலைப்பில் உள்ள 6.4-க்கு வருகிறேன். பிரான்ஸின் டாஃப்ட் பங்க் என்ற இருவர் மின்னணு இசைக் குழு 2001-இல் வெளியிட்ட டிஸ்கவரி ஆல்பத்துக்குப் பிட்ச்ஃபோர்க் அப்போது கொடுத்த மதிப்பெண் அது. இருபது ஆண்டுகள் கழித்து, 2021-இல், தன் பழைய மதிப்பெண்கள் சிலவற்றை மறுபரிசீலனை செய்து இதழ் ஒரு தொகுப்பு வெளியிட்டபோது, அதே ஆல்பத்துக்குப் பத்துக்குப் பத்து கொடுத்தது. ஒலிப்பதிவில் ஒரு நொடிகூட மாறவில்லை. நான் இந்த ஆல்பத்தை முதன்முதலில் கேட்டபோது அந்தப் பழைய எண் என் மனத்தில் இருந்தது. முதல் பாடலின் நடுவில் தாளம் முழுவதுமாக நின்றுவிடும். கருவியால் வளைக்கப்பட்ட குரலும் மெல்லிய கீபோர்டு ஒலியும் மட்டும் ஒரு நிமிடத்துக்கும் மேலாக நீளும். 6.4 என்று தெரிந்திருந்ததால் அந்த இடத்தை ஒரு குறையாகவே கேட்டேன். ஆட்ட இசையில் தாளத்தை இவ்வளவு நேரம் நிறுத்தலாமா என்று அலுத்துக்கொண்டு அடுத்த பாடலுக்குத் தாவினேன். பல ஆண்டுகள் கழித்து, ஓர் இரவுப் பேருந்தில், காதில் ஹெட்ஃபோனோடு அதே இடத்தைக் கடந்தபோதுதான், தாளம் எப்போது திரும்பும் என்று காத்திருக்க வைப்பதற்காகவே அந்த நிமிடம் அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பது உறைத்தது. முரசு திரும்பி விழுந்தபோது என் கால் தானாகத் தட்டியது. அதை அத்தனை ஆண்டுகள் எனக்குக் கேட்கவிடாமல் செய்தது அந்த எண்தான். இந்தச் சேவையின் மீது எனக்கு இருக்கும் பெரிய வருத்தம் இது.

பாடுபவருக்கு நேர்வது இன்னும் கொடுமை. ஆர்கேட் ஃபயர் என்ற ராக் இசைக் குழுவின் முதல் ஆல்பம் 2004-இல் 9.7 வாங்கியபோது, அதிகம் அறியப்படாத ஒரு குழு விரைவில் பேசப்படும் குழுவாயிற்று. இது எண்ணால் விளைந்த நன்மை, மறுக்க மாட்டேன். அதே ஆண்டில் பாடகர் டிராவிஸ் மாரிசன் வெளியிட்ட முதல் தனி ஆல்பத்துக்கு 0.0 கிடைத்தது. பூஜ்யத்தின் மீது பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. ஆல்பத்தைக் கேட்காதவர்களுக்கும் அந்த எண் நினைவில் நின்றது. பாடகி லிஸ் ஃபேரின் 2003 ஆல்பத்துக்கும் இப்படி ஒரு பூஜ்யம் கிடைத்தது. அதைப் போட்ட விமர்சகர் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார், 2021 மறுமதிப்பீட்டில் அது 6.0 ஆனது. மன்னிப்புக் கேட்டது நேர்மையான செயல். ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளை யாரும் அந்தப் பாடகிக்குத் திருப்பித் தர முடியாது.

எழுத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்த இதழை நான் விடாமல் படிப்பதற்கு அதுதான் காரணம். பழைய ஆல்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஞாயிறுதோறும் வெளியிடும் நீண்ட கட்டுரைகள், அது எந்த ஊரில், எந்தச் சூழலில், யாரோடு பதிவானது என்று தொடங்கி, ஒரு கிட்டார் ஒலி ஏன் அப்படிக் கேட்கிறது என்பது வரை விளக்குகின்றன. பிட்ச்ஃபோர்க்கைப் புதிதாகப் படிக்க விரும்புபவர்களை அவற்றிலிருந்து தொடங்கச் சொல்வேன்.

இப்போதெல்லாம் விமர்சனத்தைத் திறந்ததும் கட்டைவிரலால் எண்ணை மறைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் அப்படிப் படித்த ஒரு விமர்சனத்தில், பாடகியின் குரலை மைக்குக்கு மிக அருகில் வைத்துப் பதிந்திருப்பதால் அவர் மூச்சு இழுக்கும் ஓசைகூடக் கேட்கிறது என்பதைக் குறையாகச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்படிப்பட்ட பதிவுதான் பிடிக்கும். அன்றிரவே விளக்கை அணைத்துவிட்டு அந்த ஆல்பத்தை முழுதும் கேட்டேன். மூன்றாம் பாடலில் பல்லவிக்கு முன்னால் அவர் இழுக்கும் மூச்சுக்காகவே மறுபடியும் முதலிலிருந்து கேட்டேன். மறுநாள்தான் மேலே சென்று பார்த்தேன், 5.9 என்றிருந்தது.