வீடுகள் நிறைய, மொட்டை மாடி ஒன்றே ஒன்று: எங்கள் அடுக்ககத்தில் சோலார்

எங்கள் அடுக்ககத்தில் சோலார் போட்டுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. போட்ட புதிதில் எழுதப்படும் அனுபவங்களில் பெரும்பாலும் முதல் பில்லைப் பார்த்த சந்தோஷம்தான் இருக்கும். தூசியும் நிழலும் புறாவும் குடியிருப்போர் கூட்டத்துச் சண்டைகளும் அப்புறம்தான் வரும். அதெல்லாம் வந்து போகட்டும் என்றுதான் இதுவரை எழுதாமல் இருந்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் திருப்திதான். ஆனால் அடுக்ககத்தில் எல்லா வீட்டுக்கும் கரண்ட் பில் பூஜ்யமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்றைய பேனல்கள் தம்மீது விழும் வெயிலில் ஏறத்தாழ 20 முதல் 23 சதவீதத்தைத்தான் மின்சாரமாக மாற்றுகின்றன. ஒரு கிலோவாட்டுக்குப் பேனலின் பரப்பு மட்டும் சுமார் 5 சதுர மீட்டர் பிடிக்கும். ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசையில் விழாமல் விடும் இடைவெளி, நடக்க வழி எல்லாம் சேர்த்தால் 8 முதல் 10 வரை போகும். 300 சதுர மீட்டர் மாடியில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, படிக்கட்டுத் தலைப்பு போகப் பாதி மிஞ்சினால் 15 முதல் 18 கிலோவாட் போடலாம். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்று தாராளமாக வைத்தாலும் 60, 70 யூனிட். 30 வீடு இருந்தால் ஒரு வீட்டின் பங்கு சுமார் 2 யூனிட். ஃப்ரிட்ஜும் நாலு விளக்கும் ஓடும், ஏசிக்குப் பத்தாது. கட்டடம் உயர உயர வீடுகள்தான் கூடுகின்றன, மாடி கூடுவதில்லை.

அதனால் வீடு வீடாகப் பிரிக்கும் யோசனையை விட்டுவிட்டு, பொது மீட்டரில் இணைத்தோம். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு, வாகன நிறுத்தத்து விளக்கு எல்லாம் அந்த மீட்டரில்தான் ஓடுகின்றன. அடுக்ககத்துக்கு இதைவிடச் சுலபமான வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வீடு தனி வயர் இழுக்க வேண்டாம், யாருக்கு எவ்வளவு என்ற வாக்குவாதமும் இல்லை. பராமரிப்புக் கட்டணத்தில் எல்லோருக்கும் பலன் தெரியும். மோட்டார் ஓடும் நேரத்தை மட்டும் விடியற்காலையிலிருந்து வெயில் ஏறிய பொழுதுக்கு மாற்றினோம். காசே செலவில்லாத இந்த ஒரு மாற்றம், விலை கூடிய பேனல் வாங்கியிருந்தால் கிடைத்திருக்கும் பலனைவிட அதிகம் தந்தது.

இடத்தை மிச்சப்படுத்த இரண்டு காரியம் செய்தோம். முதலாவது, பேனல்களைத் தரையில் சாய்த்து வைக்காமல் ஆள் உயரத்துக்கு மேல் இரும்புச் சட்டத்தில் ஏற்றினோம். அடியில் துணி காயப்போடலாம், நடக்கலாம், தொட்டியின் குழாய்களைப் பழுது பார்க்கலாம். இன்னொரு பலனும் உண்டு. பேனலில் குறிப்பிட்டிருக்கும் வாட் கணக்கு, அதற்குள் இருக்கும் சோலார் செல்களின் (வெயிலை மின்சாரமாக்கும் சிறு தகடுகள்) வெப்பநிலை 25 டிகிரியாக இருக்கும்போது எடுத்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். கடும் வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், அதாவது பத்து சதவீதத்துக்கு மேல் அங்கேயே போய்விடும். அடியில் காற்று ஓடினால் இந்த இழப்பு கொஞ்சம் குறையும். கடைசி மாடி வீட்டுக்காரர்களுக்குக் கூரை நிழலும் இனாம். ஆரம்பத்தில் அதிகம் எதிர்த்தவர்கள் அவர்கள்தான், இப்போது பேனல் இல்லாத மூலையையும் மூடச் சொல்லிக் கேட்கிறார்கள்!

உயரத்தில் ஏற்றினால் காற்று பயமும் கூடவே வரும். உயரமான கட்டடத்தின் உச்சியில் வீசும் காற்று பேனலை அடியிலிருந்து மேலே தூக்கப் பார்க்கும். எங்களிடம் வந்த ஒரு நிறுவனத்தின் ஆட்கள் தளத்தில் நேரடியாகத் துளை போட்டு போல்ட் முடுக்கிவிடலாம் என்றார்கள். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு என்னவாகும் என்று கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை வைத்து, கட்டடத் தூண்களின் தலைக்கு நேர் மேலே சட்டத்தின் கால்கள் வரும்படி வரைபடம் போட்ட பிறகே வேறு ஒருவரிடம் வேலையைக் கொடுத்தோம். இந்தச் செலவைத் தவிர்க்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

இரண்டாவது, எல்லாப் பேனலையும் ஒரே திசைக்குத் திருப்பாமல், கூடாரம் போலப் பாதியைக் கிழக்கேயும் பாதியை மேற்கேயும் லேசாகச் சாய்த்தோம். ஒரு பேனல் தரும் யூனிட் கொஞ்சம் குறையும். ஆனால் வரிசைக்கு வரிசை நிழல் இடைவெளி விட வேண்டியதில்லை, அதே இடத்தில் கூடுதல் பேனல் ஏறிவிடும். மொத்தத்தில் லாபம்தான். நண்பகலில் ஒரேயடியாக ஏறி இறங்காமல் காலையும் மாலையும் பரவலாக மின்சாரம் வருவது லிஃப்டின் தேவைக்கும் பொருந்திப் போனது. சாய்வு குறைவாக இருப்பதில் ஒரு தொல்லை உண்டு. மழைத்தண்ணீர் முழுசாக வடியாமல் கீழ் விளிம்பில் தேங்கி, காய்ந்ததும் சட்டத்தை ஒட்டி ஒரு சேற்றுக்கோடு படிகிறது. பார்க்க ஒன்றுமில்லாத கோடுதான், ஆனால் கடைசி வரிசை செல்களை மறைத்துவிடும். பத்து டிகிரியாவது சாய்வு வையுங்கள்.

நிழலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நெரிசலான நகரத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, நிழல் விழாத இடத்துக்குத்தான் பஞ்சம். ஒரு பேனலுக்குள் செல்கள் வரிசையாகத் தொடர் இணைப்பில் இருப்பதால், ஒரே ஒரு செல்லில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் தடுமாறும். இதற்காகவே பெரும்பாலான பேனல்களில் மூன்று பைபாஸ் டையோடுகள் இருக்கும். நிழல் பட்ட பகுதியை விட்டுவிட்டு மீதியை ஓடவைப்பது அவற்றின் வேலை. அப்படியும் டிஷ் ஆண்டெனா அளவுக்குச் சின்ன நிழலே ஒரு பேனலின் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். செல்களைப் பாதியாக வெட்டி இரண்டு பகுதியாக இணைத்த அரைவெட்டு செல் பேனலை வாங்கி நீளவாக்கில் நிமிர்த்தி வைத்தால், கீழ்ப்பாதியில் நிழல் விழும்போது மேல்பாதி தனியாக வேலை செய்யும். கைப்பிடிச் சுவரை ஒட்டிய வரிசையில் இந்த வித்தியாசத்தை நன்றாகவே பார்த்தோம்.

பேனல் தரும் டிசி கரண்டை வீட்டில் ஓடும் ஏசி கரண்டாக மாற்றுவது இன்வெர்ட்டர். லிஃப்ட் அறையின் நிழல் விழும் பக்கத்தில் மட்டும், பேனலுக்கு அடியிலேயே மாட்டும் சின்ன இன்வெர்ட்டரான மைக்ரோ இன்வெர்ட்டர் போட்டோம். ஒவ்வொரு பேனலும் தனித்தனியாக வேலை செய்வதால் ஒன்றின் நிழல் மற்றதை இழுக்காது. பல நூறு வோல்ட் டிசி கரண்ட் மாடியில் ஓடாமல் இருப்பது தீ விபத்தைப் பொறுத்தவரையிலும் நல்லது. ஆனால் பழுதானால் உச்சி வெயிலில் பேனலுக்கு அடியில் ஏறிக் கழற்ற வேண்டும். நிழலே இல்லாத மாடிக்கு இது வீண் செலவு. பக்கத்தில் காலி மனை இருந்தால் அங்கே எத்தனை மாடி எழும்பலாம் என்பதையும் விசாரித்துவிடுங்கள். நாளைய நிழல் எந்த நிறுவனத்தின் அறிக்கையிலும் வராது.

பால்கனிக் கம்பியில் ஒன்றிரண்டு பேனல் மாட்டும் பால்கனி சோலாருக்கு வருவோம். ஜெர்மனியில் இது பெரிய அளவில் பரவியிருக்கிறது. 2024இல் அங்கே இன்வெர்ட்டர் வரம்பை 600 வாட்டிலிருந்து 800 வாட்டாக உயர்த்தினார்கள். ஆனால் தாழ்வான சூரியன் உள்ள நாடுகளுக்குப் பொருந்துவது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அப்படியே பொருந்தாது. சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது செங்குத்தான பேனலில் வெயில் உரசிக்கொண்டுதான் போகும். எங்கள் கட்டடத்தில் ஒருவர் கம்பியில் வளையும் மெல்லிய பேனல் கட்டிப் பார்த்தார். எடை குறைவு, மாட்டுவது சுலபம், எல்லாம் உண்மை. ஆனால் ஒரு கோடையிலேயே பழுப்புப் புள்ளிகள் வந்துவிட்டன. கண்ணாடிப் பேனல் உழைக்கும், ஆனால் இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒன்றை நடைபாதைக்கு மேல் தொங்கவிட நான் சம்மதிக்க மாட்டேன்.

கரண்ட் போனால் லிஃப்ட் ஓடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஓடாது. லைன் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, வெளி மின்சாரம் நின்ற உடனே, அதோடு இணைந்து ஓடும் எங்கள் வகை இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால்தான் நடக்கும். எங்களிடம் பேட்டரி வைக்கப் பாதுகாப்பான இடம் இல்லை. மாடிப்படிக்குக் கீழே வைக்கலாம் என்ற யோசனையை நான் எதிர்த்தேன். தீ பிடித்தால் எல்லோரும் இறங்கி ஓட வேண்டிய வழி அதுதான்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. பேனல் சூடாக இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது, காலையிலோ மாலையிலோ கழுவ வேண்டும். உப்புத் தண்ணீர் வெள்ளைக் கறை விட்டுவிடும். புறாக்கள் சட்டத்துக்குள் கூடு கட்டின. வலை அடித்தபின் வரவில்லை. செயலியில் தினமும் வரைபடம் பார்ப்பதை யாரும் அதிக நாள் தொடர்வதில்லை. ஆனால் ஒரு பேனல் மற்றவற்றைவிடக் குறைவாகத் தருகிறதா என்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

இப்போது எங்கள் கூட்டங்களில் ஓடும் விவாதம் வேறு. பேனலின் மின் உற்பத்திக்கு 25 வருட உத்தரவாதம் இருக்கிறது. இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் வராது, பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை இப்போதிருந்தே ஒதுக்க வேண்டும் என்கிறோம் நாங்கள் சிலர். வாடகைக்கு விட்டிருக்கும் உரிமையாளர்கள், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். தற்போதைக்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை தனிக் கணக்கில் போகிறது.