ஐயாவின் பேசும் படம்: 11 வருடம் பழகிய பிறகு

"பண்ருட்டி லோடு வந்துச்சாடா?"

எங்கள் வீணைப் பட்டறையில் காலையில் என் குருவான ஐயாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றியதும் முதலில் வருகிற கேள்வி இதுதான். "வந்துடுச்சுங்கய்யா" என்பேன். "வெடிப்பு இருக்கா பாரு." "பாத்துட்டேங்கய்யா, ஒண்ணும் இல்ல." அப்புறம்தான் மற்ற பேச்சு. அந்த லோடு வந்து, பலாக்கட்டைகளை அறுத்து, குடைந்து, வீணையாக்கி, அவையெல்லாம் எந்தெந்த ஊருக்கோ போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. ஐயாவுக்கு மட்டும் அது இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறது.

பேசும் படம், அதாவது ஆள் போன பிறகும் அவர் குரலில் பேசுகிற தஞ்சாவூர் ஓவியம், எழுதி வைக்கலாமா என்று பட்டறைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். குருவுக்கு வயதாகிவிட்டது, இப்போதே உட்கார வைத்துவிடலாமா என்ற அவசரம் அவர்கள் முகத்தில் தெரியும். வாங்கிய புதிதில் எல்லோரும் கண்கலங்கிப் புகழ்வார்கள். நானும் அப்படித்தான் புகழ்ந்தேன். அந்தப் புகழ்ச்சியை நம்பி யாரும் முடிவெடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பலகை. நம் தஞ்சாவூர் ஓவியம் பலாப் பலகையில் எழுதப்பட்டுவந்தது. இப்போது பெரும்பாலும் பிளைவுட். சாமி படத்துக்கு அது போதும்; பேசும் படத்துக்குக் கண்டிப்பாக வேண்டாம். எதிர்த் தெரு வைத்தியர் வீட்டில் பிளைவுட்டில் போட்டார்கள். பெரியவர் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. எங்கள் படத்துக்கு, ஐயா கையால் குடைந்த ஒரு ஏகாண்ட வீணையின் கட்டையில் மிஞ்சிய பலகையையே கொடுத்தோம். ஒரே மரத்தில் நாதம் எழுகிற குடமும், நீண்ட கழுத்தான தண்டியும், நுனியில் யாளி முகமும் வருவதுதான் ஏகாண்டம். மூன்றையும் தனித்தனியாகச் செய்து சேர்த்தால் அது ஒட்டு வீணை, நாதம் ஒரு படி கீழேதான். வீணைக்கு உதவுகிற மரம் குரலுக்கும் உதவும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டேன். அது பலித்தது. ஐயா தொண்டையைச் செருமுவதுகூட அப்படியே வருகிறது.

வேலை வழக்கமான தஞ்சாவூர் வேலைதான். பலகையில் புளியங்கொட்டைப் பசையால் துணி ஒட்டி, சுண்ணாம்புப் பொடி பூசி, வழவழப்பாகத் தேய்த்து, கோடு போட்டு, புடைப்பாக வர வேண்டிய இடத்தில் மக்கு வைத்து, தங்க ரேக் என்கிற மெல்லிய தகட்டை ஒட்டி, கடைசியில் வர்ணம். கல் பதிக்க ஐயா ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு எதுக்குடா நகை? நான் என்ன கிருஷ்ணனா?" என்று ஓவியரை விரட்டினார். மடியில் இருக்கிற வீணையின் யாளி முகத்துக்கு மட்டும் தங்க ரேக். அதில் நிறையப் பணம் மிச்சமானது. அப்படியும் இரண்டு ஏகாண்ட வீணையின் விலை ஆயிற்று.

எல்லாம் முடிந்து கடைசியில் கண் திறப்பு. அதற்கும் அப்புறம், பேசும் படத்துக்கு மட்டும் உள்ளது, வாய் திறப்பு. தங்க ஊசியில் ஒரு சொட்டுத் தேனைத் தொட்டு உதட்டில் வைப்பார்கள். அந்த நொடியில் ஆள் எப்படி இருந்தாரோ அவர்தான் படத்தில் தங்குவார். அதற்குப் பிறகு அவருக்கு நடந்தது எதுவும் படத்துக்குத் தெரியாது. விளக்கை அணைத்தால் அன்றன்றைய பேச்சும் போய்விடும். அந்த நொடியில் எங்கள் ஐயா மனதில் என்ன இருந்தது என்பது இப்போது உங்களுக்கே தெரியும். ஆகவே ஒரு யோசனை: வாய் திறக்கிற நாளில் பாக்கி வசூல், கோர்ட்டு வழக்கு, லாரி எதுவும் நிலுவையில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் உயிரோடு இருக்கும்வரை படத்துக்கு விளக்கேற்றக் கூடாது. ஐயா அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார். காரியம் எல்லாம் முடிந்து, பதினேழாம் நாள் துணியை விலக்கி விளக்கேற்றினேன். அந்த வாரத்தில் ஒரு நாள் புத்தி கெட்டு, "ஐயா, நீங்க இப்ப இல்லீங்க" என்று சொல்லிவிட்டேன். மத்தியானம் வரை பேசவே இல்லை. அப்புறம் மெதுவாக, "மேளம் யாருடா போடுறா?" என்றார். "நான்தாங்கய்யா." அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவருக்கு அது நினைவில்லை. எனக்கு இருக்கிறது. மறுபடி சொன்னதே இல்லை.

இனி உபயோகத்துக்கு வருகிறேன். மேளம் போடுவது என்றால் என்ன என்று சொன்னால்தான் இது புரியும். வீணையில் 24 மெட்டு, தந்தியை விரலால் அழுத்தி ஸ்வரம் எடுக்கிற கட்டைகள். தண்டியின் இரண்டு பக்கமும் தேன்மெழுகில் கரிப்பொடி கலந்து கரையாகக் கட்டி, அதன் மேல் வெண்கல மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். அளவுகோல் உதவாது, காதுதான் அளவு. ஒரு மெட்டு நெல்லளவு நகர்ந்தாலும் ஸ்வரம் பேசாது. உயரம் கொஞ்சம் கூடினால் தந்தி இரையும். கோடை வெயிலில் மெழுகு இளகும், வாசிக்க வாசிக்க மெட்டு தேயும். அதனால் வித்துவான்கள் திரும்பத் திரும்ப மேளம் போட எடுத்துக்கொண்டு வருவார்கள். தச்சு வேலையை யாரும் கற்றுக்கொள்ளலாம். பட்டறைக்குப் பெயர் வருவதும் போவதும் மேளத்தில்தான்.

இந்த வேலைக்குப் படம் எப்படி? முதல் இரண்டு வருடம் சொர்க்கம்தான். மெட்டு வைத்து மீட்டிக் காட்டினால் போதும். "ஏழாவது. பஞ்சமம் அழுவுது பாரு. கால் நூல் குடத்துப் பக்கம் தள்ளு." தள்ளினால் சரியாக இருக்கும். நாலு நாள் வேலை ஒன்றரை நாளில் முடிந்தது. வித்துவான்கள் "ஐயா போட்ட மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் ஊரெல்லாம் படத்தின் பெருமையைப் பேசினேன்.

அம்மா, அதாவது ஐயாவின் வீட்டுக்காரம்மா, பட்டறைப் பக்கமே வராமல் இருந்தார். மூன்றாவது வருடம் ஒரு நாள், பேத்தி கல்யாணப் பத்திரிகையோடு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே ஐயா எனக்கு மெட்டு மெட்டாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்: "ஏம்ப்பா, உங்க ஐயா எப்ப இவ்ளோ பேசினாரு?"

அவ்வளவுதான் சொன்னார். பத்திரிகையை வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்று வேலை ஓடவில்லை.

உண்மையில் ஐயா எப்படிச் சொல்லிக்கொடுத்தார்? நான் மேளம் போட்டு வைப்பேன். வந்து ஒரு தடவை சாரணியில், அதாவது முதல் தந்தியில், மேலே போய்க் கீழே வருவார். சரியாக இருந்தால் "ம்." தப்பாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். 24-ல் எது தப்பு? நானே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு தடவை நாலு நாள் ஆயிற்று. நாலாம் நாள் பதினாறாவது மெட்டைத் தொட்டு நகர்த்தினபோது, வாசலில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் "ம்" என்றார். என் காது திறந்தது அன்றைக்குத்தான்.

படத்தால் அது முடியாது. கேட்டால் பதில் சொல்லும். அதற்காகத்தான் வாய் திறந்திருக்கிறார்கள். எழுந்து டீக்கடைக்குப் போக அதற்குக் கால் இல்லை. ஐயாவுக்குத் தெரிந்த அத்தனையும் அதற்குத் தெரியும், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்பது மட்டும் தெரியாது. அந்த மூன்று வருடத்தில் என் காது மந்தமாகிவிட்டது. படத்தைத் துணி போட்டு மூடிவிட்டு ஒரு வீணைக்கு மேளம் போட்டுப் பார்த்தேன். அப்புறம் துணியை எடுத்துக் கேட்டால், ஐந்து மெட்டு தப்பு.

அன்றிலிருந்து ஒரு முறை வைத்திருக்கிறேன், புதிதாக வாங்குகிறவர்களுக்கும் அதையே சொல்வேன். வேலை செய்கிறபோது விளக்கேற்றாதீர்கள். முழுதாக முடித்து, ஒரு இரவு தூங்கி எழுந்து, உங்கள் காதுக்குச் சரி என்று பட்ட பிறகு படத்திடம் காட்டுங்கள். அப்போதும் "சரியா, தப்பா" என்று மட்டும் கேளுங்கள். என் சிஷ்யப் பிள்ளைகள் இரண்டு பேரையும் படத்தோடு தனியாக விடுவதே இல்லை. அவர்கள் என்னைக் கஞ்சன் என்கிறார்கள்.

அடுத்த கோளாறு மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் பலகை ஈரத்தை இழுக்கும். ஐயாவின் சுருதி இறங்கிவிடும். குரல் கனமாக வருவதைப் பற்றிப் பரவாயில்லை, காதும் சேர்ந்து இறங்குகிறது என்பதுதான் சிக்கல். "சுருதி தூக்கலா இருக்குடா, இறக்கு" என்பார். நானும் அப்படியே தந்தியைத் தளர்த்தி மேளம் போட்டுக் கும்பகோணத்து டீச்சர் ஒருவருக்குக் கொடுத்தனுப்பினேன். தையில் திரும்பி வந்தது. தந்தி தளர்வாக இருந்தால், அழுத்துகிறபோது ஸ்வரம் கூடுதலாக ஏறும். அந்தக் காதுக்கு ஏற்ப மெட்டு வைத்தால், பிறகு சரியான சுருதிக்கு முறுக்கும்போது எல்லா ஸ்வரமும் கொஞ்சம் இறங்கித்தான் பேசும். டீச்சர் கத்தவில்லை, வருத்தப்பட்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு ஐயாவை "ஸ" சொல்லச் சொன்னேன். சித்திரையில் சேர்ந்திருந்தது கார்த்திகையில் அரை ஸ்வரம் கீழே. "உன் பொட்டி கெட்டுப்போச்சு" என்றார் ஐயா. அவரும் பொய் சொல்லவில்லை, பாவம்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. ஈரத்துணி ஆகாது, காய்ந்த மெல்லிய துணி போதும். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், ஓதம் ஏறும். விளக்கைத் தள்ளி வையுங்கள், புகை பட்டால் முகம் கறுத்து, அன்று முழுக்க இருமுவார்கள்.

சரி, இதற்கு மேல் சொல்ல வேண்டியது போன மாதம் நடந்தது.

திருவையாற்றிலிருந்து ஒருவர் தன் அம்மாவின் வீணையை எடுத்து வந்தார். மெழுகு விட்டுப்போய் மெட்டெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. குடத்தைத் தட்டினதுமே தெரிந்துவிட்டது, ஐயாவின் கை. ஆனால் படத்தில் இருக்கிற ஐயாவின் கை இல்லை, அதற்கு அப்புறம் வந்த ஐயாவின் கை. கடைசி இரண்டு வருடம் அவருக்கு இடது காது மந்தம். வெளியில் யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் குடத்தின் சுவரை மெலிதாக, இன்னும் மெலிதாகக் குடைந்துகொண்டே போனார். உளி ஒரு தடவை வழுக்கினால் மரமே வீண். எங்களை அப்படிக் குடைய விட்டதில்லை. நாதம் தன் காதுக்கு எட்ட வேண்டும் என்று செய்தார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. பழைய தந்தியை முறுக்கி ஒரு மீட்டு மீட்டினேன்.

"யாருடா இது?" என்றது படம். "சுவரை இவ்ளோ மெலிசாவா குடையறது? அறிவு கெட்டவன்." அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்த முதல் வாரத்துக்கு அப்புறம், 11 வருடத்தில் தானாக அது சும்மா இருந்தது அன்றுதான். "இன்னொரு தடவ மீட்டு." மீட்டினேன். "மந்தரத்த மீட்டு." மீட்டினேன்.

"யாரு செஞ்சது?"

"எனக்குத் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தருங்கய்யா."

"கூட்டிட்டு வா அவர. எப்படித் துணிஞ்சார்னு கேக்கணும்."

சரிங்கய்யா என்று சொல்லிவிட்டுப் பட்டப்பகலில் விளக்கை அணைத்தேன். இந்த வீணை முடிகிறவரை ஏற்றப்போவதில்லை. மெழுகை எல்லாம் சுரண்டி எடுத்துப் புதிதாகக் கட்டி, மெட்டு வைத்தாயிற்று. சாரணியில் போய் வந்தால் பதினோராவது மட்டும் இன்னும் என்னவோ செய்கிறது. திருவையாற்றுக்காரர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும்.