அடியிலிருந்து மேலே: இணையக் கலைக்களஞ்சியங்களோடு 12 வருடம்

2013இல் படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலைக்குத் தமிழ் ஆசிரியராகப் போனேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம் படுவான்கரை. கடலோரம் எழுவான்கரை. பாடசாலையில் நூலகம் என்று ஓர் அறை இருந்தது. இரண்டு அலுமாரி, அதில் ஒன்றின் திறப்பு தொலைந்து வருடக்கணக்காகிவிட்டது. உயர்தர (பல்கலைக்கழகப் புகுமுக) வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு புலவரைப் பற்றி நாலு வரி கூடுதலாகச் சொல்ல வேண்டுமென்றாலும் சனிக்கிழமை பஸ் ஏறி டவுனுக்குத்தான் போக வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவைத் தினமும் திறக்கத் தொடங்கியது அப்போதுதான். ஈழத்து நூல்களை மின்வருடி வைக்கும் 'நூலகம்' இணையத்தளம் ஏற்கெனவே பழக்கம். 2022க்குப் பிறகு தமிழ் விக்கி என்ற வேறொரு கலைக்களஞ்சியமும் சேர்ந்துகொண்டது. இலக்கியம், மொழி, உலகப் பண்பாடு என்ற மூன்றுக்கும் இவற்றை எப்படிப் பயன்படுத்தி வந்தேன், எங்கே ஏமாந்தேன், இப்போது எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

கலைக்களஞ்சியம் தமிழுக்குப் புதிதில்லை. 1902இலேயே யாழ்ப்பாணத்தில் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அபிதான கோசத்தைக் கொண்டுவந்துவிட்டார். 1910இல் சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி வந்தது. பெரியசாமித் தூரன் ஆசிரியராக இருந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் 1954இல் தொடங்கி 1968இல்தான் முடிந்தது. எனக்குப் படிப்பித்த பேராசிரியர் ஒருவர் வீட்டில் அந்தப் பத்தும் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தன. கை கழுவிவிட்டுத்தான் தொடலாம். இன்று என் மாணவி வயல் வரம்பில் நின்றுகொண்டு போனில் அதே மாதிரி ஒரு பதிவைத் திறக்கிறாள். இந்த மாற்றத்தை நான் சின்னதாக நினைக்கவே மாட்டேன்.

முதல் இரண்டு வருடம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒப்படை, அதாவது வீட்டில் எழுதிவரும் கட்டுரை, கொடுத்தால் 22 பிள்ளைகளிடமிருந்தும் ஒரே கட்டுரை வரும். உபதலைப்புக்குப் பக்கத்தில் திருத்துவதற்காக இருக்கும் [தொகு] என்ற சொல்லையும் அழகான கையெழுத்தில் அப்படியே எழுதியிருப்பார்கள். நான் கோபப்படவில்லை. பாடப்புத்தகத்தையே பார்த்து எழுதிப் பழகிய பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்? அதனால் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். எந்தப் பதிவைத் திறந்தாலும் முதலில் கீழே போக வேண்டும். மேற்கோள்கள் என்ன, எந்தப் புத்தகம், எந்த ஆண்டு, இணைப்பு திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் வரலாறு என்ற பக்கத்தைப் பார்க்க வேண்டும், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று. கடைசியில்தான் மேலே வந்து முதல் வரியை வாசிக்க வேண்டும். பிள்ளைகள் இதற்கு 'அடியால ஏறுறது' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இதன் பலன் ஒரு நாள் வகுப்பிலேயே தெரிந்தது. தமிழறிஞரும் துறவியுமான சுவாமி விபுலாநந்தரைப் பற்றிய ஒப்படை. ஒரு மாணவி எழுந்து, "சேர், ஒரு இடத்தில பிறந்தது மட்டக்களப்பு எண்டு கிடக்கு, மத்த இடத்தில அம்பாறை எண்டு கிடக்கு. எதைச் சேர் எழுதுற?" என்று கேட்டாள். வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. காரைதீவுச் சொந்தம் உள்ள ஒரு பையன் விடுவதாக இல்லை. மெதுவாக அடியால் ஏறினோம். சுவாமி 1892 மார்ச் 27 காரைதீவில் பிறந்தார். அப்போது அம்பாறை மாவட்டம் என்று ஒன்றே கிடையாது. 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அதை உருவாக்கினார்கள். பழைய நூலை வைத்து எழுதியவர் மட்டக்களப்பு என்று போட்டிருக்கிறார், இன்றைய வரைபடத்தைப் பார்த்து எழுதியவர் அம்பாறை என்று போட்டிருக்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒரு வரியில் ஊர், அன்றைய மாவட்டம், இன்றைய மாவட்டம் மூன்றையும் எழுதினால் பிரச்சினை தீர்ந்தது. அன்று அந்த 40 நிமிடத்தில் பிள்ளைகள் படித்ததை நான் ஒரு தவணை முழுக்க நின்று சொல்லியிருந்தாலும் படித்திருக்க மாட்டார்கள்.

உலக இலக்கியம் பக்கம் வருவோம். எனக்கு அதிகம் கிடைத்தது இங்கேதான். ஃபின்லாந்தின் காப்பியமான கலேவலாவைப் பற்றி எனக்குப் பெயரளவில்தான் தெரியும். ஒரு இரவு அந்தப் பதிவில் தொடங்கி விடியப்புறம் வரை இணைப்பு இணைப்பாகப் போய்க்கொண்டிருந்தேன். எலியாஸ் லொன்ரொத் என்ற வைத்தியர் கரேலியாக் கிராமங்களில் நடந்து திரிந்து, வயதானவர்கள் வாயிலிருந்து பாட்டுகளைக் கேட்டு எழுதுகிறார். 1835இல் முதற் பதிப்பு. 1849இல் 50 பாடல், 22,795 அடி என்று பெருகிவிடுகிறது. ஃபின்லாந்து மொழி தன் காலில் நிற்க அந்தத் தொகுப்புதான் பெரிய ஊன்றுகோல். அதில் வைனாமொயினன் என்ற முதிய பாடகன் பிரம்மாண்டமான ஒரு மீனைப் பிடித்து, அதன் தாடை எலும்பில் கந்தேலே என்ற நரம்பு வாத்தியத்தைச் செய்கிறான். அவன் அதை மீட்டும்போது காட்டு விலங்குகளும் வந்து நின்று கேட்கின்றன. கேட்டவர் எல்லோரும் அழுகிறார்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது எந்தப் பிள்ளையும் அசையவில்லை. மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்கள். அந்த மீன்பாடும் தேனாட்டுப் பிள்ளைகளுக்கு மீனுக்கும் இசைக்கும் உள்ள உறவை நான் விளக்க வேண்டியதில்லையே. கல்லடிப் பாலத்தடியில் நிலாக் காலத்தில் தோணியில் போய்த் துடுப்பின் காம்பில் காது வைத்துக் கேட்ட கதை எல்லா வீட்டிலும் உண்டு. அங்கிருந்து யாழ் பற்றிய பதிவுக்குப் போனோம், அங்கிருந்து மறுபடியும் விபுலாநந்தருக்கு. பழைய நூல்களில் பெயராக மட்டும் நின்ற யாழைக் கணக்குப் போட்டு மீட்டெடுக்க வருடக்கணக்காக உழைத்து, 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூலை அரங்கேற்றி, அடுத்த மாதம் 19ஆம் திகதியே காலமானவர். கலேவலாவைத் தமிழில் தந்தவரும் நம் நாட்டவர்தான், ஃபின்லாந்தில் வாழ்ந்த உதயணன் என்ற இரா. சிவலிங்கம். 1994இல் அது வெளிவந்தது. ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போகிற வசதி இல்லாவிட்டால் இந்தச் சங்கிலி என் கைக்குக் கிடைத்திருக்காது.

தேடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, இலங்கை வாசகர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் எழுத்துக்கூட்டல் வேறு. நாம் ஒக்ரோபர் என்று எழுதுவோம், தமிழ்நாட்டில் அக்டோபர். நம் பழைய மொழிபெயர்ப்புகளில் ரோல்ஸ்ரோய், அங்கே டால்ஸ்டாய். தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்தம் தவிர்த்த வடிவங்களும் உண்டு. ரஷ்யா அங்கே உருசியா, ஸ்பானிய மொழி எசுப்பானியம். முதல் தேடலில் கிடைக்கவில்லை என்றால் பதிவு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்று விதமாகவாவது தட்டிப் பாருங்கள். அதிலும் அகப்படாவிட்டால் ஆங்கிலப் பதிவைத் திறந்து மொழிப் பட்டியலில் தமிழைத் தொட்டால் நேரே கொண்டுபோய் விடும். வழிமாற்று என்ற வசதியை யாரும் உண்டாக்கலாம். நம் எழுத்துக்கூட்டலிலிருந்து சரியான பக்கத்துக்கு ஒரு பாதை போட்டுவிட்டால் அடுத்து வருகிற பிள்ளைக்கு அலைச்சல் இல்லை. ஒரு நிமிட வேலை.

2022 மார்ச், ஏப்ரலில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது ஞாபகம் இருக்கும். போன் கோபுரமும் சேர்ந்து படுத்துவிடும். அந்த நாட்களில் என்னைக் காப்பாற்றியது கிவிக்ஸ். முழு விக்கிப்பீடியாவையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்து, இணையமே இல்லாமல் வாசிக்கலாம். காசு இல்லை. டவுனில் ஒரு நண்பர் வீட்டில் தமிழ்க் கோப்பை இறக்கி, பழைய லப்டொப்பில் ஏற்றி, சார்ஜ் இருக்கும் வரை பிள்ளைகளுக்குத் திறந்து வைத்தேன். ஒரே குறை, இறக்கிய நாளோடு அது நின்றுவிடும். புதிய பதிவுகள் வேண்டுமென்றால் மறுபடி முழுதாக இறக்க வேண்டும்.

அதே வருடம் மே மாதம் தமிழ் விக்கி வந்தது, எழுத்தாளர் ஜெயமோகன் முன்னெடுத்தது. இரண்டுக்கும் வித்தியாசம் அடிப்படையிலேயே இருக்கிறது. விக்கிப்பீடியாவில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், நடுநிலை கட்டாயம். தமிழ் விக்கியில் ஆசிரியர் குழு பார்த்துத்தான் பதிவு முடிக்கப்படும். இலக்கியமும் பண்பாடும்தான் அதன் மையம். எழுத்தாளர் பதிவுகளில் பிறப்பு, கல்வி, தனிவாழ்க்கை என்று ஒழுங்காகப் போய், இலக்கிய இடம் என்று ஒரு பகுதி வரும். அதாவது இவர் ஏன் முக்கியம், எந்த மரபில் வருகிறார் என்ற மதிப்பீடு. உயர்தரப் பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒரு மதிப்பீட்டை அப்படியே விடையாக எழுத விடமாட்டேன். படைப்பை வாசித்துவிட்டு அந்தப் பகுதியோடு ஒத்துப்போகிறாயா, இல்லையா என்று கேட்பேன். தகவலுக்கு ஒன்று, வாதத்துக்கு ஒன்று என்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைப்பதுதான் என் வழக்கம். அடிக்குறிப்பில் சொல்லப்பட்ட நூல் ஈழத்து நூல் என்றால் மூன்றாவதாக நூலகம் தளம். 2005இலிருந்து இயங்குகிறது, அச்சுப் பக்கத்தையே கண்ணால் பார்த்துவிடலாம். வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வந்த நூல். கடையில் தேடி அலைந்த எனக்கு அதைத் திரையில் கண்டபோது வந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

இனி மனதில் கிடக்கிற விஷயம். உலகத்துக் காப்பியங்கள் தமிழில் கிடைக்கின்றன, நம் வாசலில் நடப்பது கிடைப்பதில்லை. வசந்தன் ஆட்டம், கொம்புமுறி விளையாட்டு, கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு, முஸ்லிம் ஊர்களில் பெண்கள் பாடும் கவி என்று எதை எடுத்தாலும் நான் தேடிய அளவுக்குக் கிடைத்தது குறைவு. ஒரு தளத்தில் எங்கள் பக்கத்துக் கூத்து வகைகளில் ஒன்றான வடமோடிக் கூத்தைப் பற்றி இருந்த சிறு பதிவை அச்சிட்டு, மூன்று பிள்ளைகளோடு கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார் வீட்டுக்குப் போனேன். மாலை நேரம். பாய் விரித்து உட்கார வைத்தார். மாணவி வாசித்தாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "மறுகா வாசி புள்ள" என்றார். இரண்டாம் முறையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இதில பிழை ஒண்டுமில்ல. ஆனா இத வெச்சி ஒருத்தனும் கூத்து எண்டா என்னெண்டு அறிய ஏலாது." பிறகு எழுந்து உள்ளே போய்க் கரப்புடுப்பு என்ற கூத்து உடுப்பின் மூங்கில் வளையத்தைக் கொண்டுவந்து பிள்ளையின் இடுப்பில் கட்டிவிட்டு, நட என்றார். அவளால் நேராக நாலு அடி வைக்க முடியவில்லை. அந்தப் பாரத்தோடு எப்படித் திரும்புவது, எந்தத் தாளத்தில் காலை எடுப்பது என்று ஒன்றரை மணிநேரம் காட்டினார். மூன்று பேரும் கொப்பி நிறைய எழுதிக்கொண்டார்கள்.

எழுதியதை அப்படியே விக்கிப்பீடியாவில் போட முடியாது. சொந்த ஆய்வு கூடாது, ஏற்கெனவே வெளியான நம்பகமான சான்று வேண்டும் என்பது விதி. எனக்கு முதலில் மனம் நொந்தது. ஐம்பது வருடம் ஆடியவர் வாயிலிருந்து வருவது சான்றில்லையா? ஆனால் யோசித்தால் விதியிலும் நியாயம் இருக்கிறது. வாய்ச்சொல்லை ஏற்றால் நாளை யாரும் எதையும் அண்ணாவியார் சொன்னார் என்று எழுதலாம், சரிபார்க்க வழி இராது. ஆகவே வழியை நீளமாக்கினோம். அவர் சொன்னதை ஒழுங்குபடுத்தி, அவரிடமே வாசித்துக் காட்டித் திருத்தி, பாடசாலை மலரில் அவர் பெயரோடு கட்டுரையாக அச்சிட்டோம். மலரை மின்வருடல் செய்து இணைய நூலகத்துக்கு அனுப்பத் தயாராக வைத்திருக்கிறோம். அது ஏறிய பிறகுதான் பதிவில் சேர்க்க முயல்வோம். பாடசாலை மலரை எல்லோரும் சான்றாக ஏற்றுக்கொள்வார்கள் என்றும் சொல்ல முடியாது. பதிவைத் திருத்துகிறவர்கள் கலந்து பேசும் பேச்சுப் பக்கத்தில் வாதாட வேண்டி வரும். அதற்கும் பிள்ளைகள் தயார், ஏனென்றால் எதிரில் இருப்பவர் கேட்கப்போகும் கேள்வி என்னவென்று அடியால் ஏறிப் பழகியவர்களுக்குத் தெரியும்.

போன மாதம் அண்ணாவியார் ஆளனுப்பிக் கூப்பிட்டார். மலரைத் தலைமாட்டில் வைத்திருந்தார். இந்த முறை பழைய சீலையில் சுற்றிய ஒரு குளிர்த்திப் பாடல் கொப்பியை மாணவியின் கையில் கொடுத்தார். அவருடைய தகப்பனின் கையெழுத்து, ஓரமெல்லாம் கறையான் அரித்திருக்கிறது. வைகாசிச் சடங்குக்குக் கோயில் கதவு திறக்க முதல் திருப்பித் தந்துவிட வேண்டும் என்றார். மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்துத் தட்டச்சு செய்கிறார்கள். இன்னும் 41 பக்கம் இருக்கிறது.