காது மெஷின்: உள்ளே ஒளிப்பதா, பின்னால் மாட்டுவதா?

அம்மாவுக்கு 71 வயது. முதலில் வாங்கியது காதுத் துவாரத்துக்குள் முழுசாக மறையும் குட்டி ரகம். ஒன்றரை வருடம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, காதுக்குப் பின்னால் மாட்டும் ரகத்துக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. நான் பின்னால் மாட்டுவதன் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்துப் போடும் வரைபடமான ஆடியோகிராமில், கேட்கும் திறன் குறைவு வலது காதில் 55 டெசிபல், இடதில் 60. வயதால் வரும் குறைவு கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத்தான் முதலில் தின்னும். உயிரொலி கேட்கும், மெய்யொலி நழுவிவிடும். 'கத்து', 'பத்து', 'சத்து' மூன்றும் அம்மாவுக்கு ஒன்றுதான். "நீ பேசுறது கேக்குதுடா, என்ன பேசுறேன்னுதான் புரியல" என்பார். நாம் கத்துவதால் இது தீராது. எந்த ஒலி குறைகிறதோ அதை மட்டும் தூக்கித் தர வேண்டும். அதை இரண்டு ரகமும் செய்கின்றன.

குட்டி ரகத்தின் பெருமை, வெளியே தெரியாது என்பது. மூக்குக் கண்ணாடிக் காம்போடு மோதாது, போனை வழக்கம்போல் காதில் வைத்துப் பேசலாம். ஆனால் உள்ளே இரண்டு மைக் வைக்க இடமில்லை. கல்யாண மண்டபத்தில் எதிரே இருப்பவர் பேச்சைப் பிரித்தெடுக்கத் திணறும். மைக்கும் ஸ்பீக்கரும் நெருக்கமாக இருப்பதால் ஒலியைக் கூட்டினால் விசில் அடிக்கும். அம்மாவின் கூந்தல் காதை மூடியேதான் இருக்கும், ஒளித்து யாருக்குக் காட்டப் போகிறோம் என்று அப்போது தோன்றவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. குட்டி ரகத்துக்கு 10-ஆம் நம்பர் பாட்டரி, அகலம் 5.8 மில்லிமீட்டர், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. நாலைந்து நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அம்மாவின் விரல்களுக்கு அது பிடிபடவே இல்லை. கீழே விழும், சோபாவுக்கடியில் தேடுவோம், நான் ஊரில் இல்லாவிட்டால் மெஷின் டப்பாவிலேயே கிடக்கும். அதைவிடக் கொடுமை குறும்பி. ஸ்பீக்கர் வாயே காதுக்குள் இருப்பதால் அழுக்கும் சென்னை வியர்வையும் நேராக அங்கே போய் அடைக்கும். இரண்டு தடவை ரிப்பேருக்குப் போனது. முழு மெஷினையும் அனுப்பிவிட்டு ஒவ்வொரு முறையும் மூன்று வாரம் சும்மா இருந்தோம்.

பின்னால் மாட்டுவதில் ஸ்பீக்கர் காதுக்கு வெளியே, மெஷினின் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. காதுக்குள் போவது அளவெடுத்துச் செய்த மோல்டும் ஒரு டியூபும்தான். அதைக் கழற்றி இளஞ்சூட்டு சோப்புத் தண்ணீரில் கழுவி, ராத்திரி காயவிட்டு, காலையில் மாட்டிவிடலாம். டியூபுக்குள் ஈரம் கோர்த்தால் ரப்பர் பல்பால் ஊதினால் போதும். சில மாதத்தில் டியூப் மஞ்சளாகி விறைத்துவிடும். காதுத் திறனைச் சோதித்து மெஷின் பொருத்தும் ஆடியோலஜிஸ்ட் உட்கார்ந்த இடத்திலேயே மாற்றித் தருகிறார். எந்த ரகமானாலும் ராத்திரி சிலிகா ஜெல் டப்பா கட்டாயம்.

குறையும் உண்டு. மோல்ட் போட்ட முதல் மாதம் தன் குரலே குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் கேட்கிறது என்று அம்மா முணுமுணுத்தார். மோல்டில் இருக்கும் காற்றுத் துளையைப் பெரிசாக்கிய பிறகு அடங்கியது.

சார்ஜ் போடும் ரகம் ஒன்றையும் ஐந்து நாள் சோதித்தோம். மெல்லிய ஒயரில் ஸ்பீக்கர், நுனியில் ஓட்டை போட்ட ரப்பர் குல்லா. குரல் இயல்பாக இருந்தது. தாழ்ந்த ஒலிகள் நன்றாகக் கேட்பவர்களுக்கு அதுவே பொருத்தமாக இருக்கலாம். ஆனால் அதிலும் ஸ்பீக்கர் காதுக்குள்தான், குறும்பிப் பிரச்சினை திரும்ப வரும். சார்ஜ் நாலு வருடம் கழித்து எப்படி நிற்கும் என்று ஐந்து நாள் அனுபவத்தில் நான் பேசக் கூடாது.

இப்போது 13-ஆம் நம்பர் பாட்டரி, அம்மாவே மாற்றுகிறார். ஸ்டிக்கரை உரித்து, காற்றுப் பட ஒரு நிமிடம் வைத்துவிட்டுப் போட வேண்டும். உரித்த ஆரஞ்சு ஸ்டிக்கரை மாதக் காலண்டரில் அன்றைய தேதிமேல் ஒட்டிவிடுவார். போன மாதம் 3, 14, 26 மூன்றிலும் ஆரஞ்சுப் பொட்டு.