சிறுவிடை என்று சொல்லிக் கலப்புக் கோழியைத் தலையில் கட்டிவிட்டார்கள், 18,000 ரூபாய் போச்சு

நேற்று சாயந்திரம் அந்த ஆள் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டார். அதனால்தான் இன்றைக்கே உட்கார்ந்து எழுதுகிறேன். சிறுவிடை என்பது நம் நாட்டுக்கோழியில் சின்ன உடம்புள்ள ரகம். சுத்தமான சிறுவிடையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரிந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

கொடைக்கானல் மலையில், பண்ணைக்காட்டுக்கு மேலே எங்களுக்குக் கொஞ்சம் காப்பியும் மலைவாழையும் இருக்கிறது. போன வருஷம் வெள்ளைக்கழிச்சல் என்கிற கொள்ளை நோய் வந்து வீட்டுக் கோழி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதற்குப் பதிலாகத்தான் சிறுவிடை தேடினேன். முட்டைக்காக மட்டும் இல்லை. பகலெல்லாம் தானே மேய வேண்டும், பொழுது சாய்ந்தால் மரத்தில் ஏறி அடைய வேண்டும், பன்னிரண்டு பதினைந்து முட்டை இட்டதும் அடை உட்கார்ந்து 21 நாளில் குஞ்சோடு எழுந்து வர வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கரண்ட் இல்லாமல் கிடக்கிற மலையில் இன்குபேட்டரை நம்பி என்ன செய்வது?

ஆடு, மாடு, கோழி வாங்கி விற்கிற ஒரு செயலியில்தான் இந்த ஆளைப் பார்த்தேன். மலைக்குக் கீழே, சமவெளிக்காரர். "சுத்த சிறுவிடை, கலப்பு இல்லை, ஒரு தடவை அடை இருந்து குஞ்சு பொரித்தவை" என்று போட்டிருந்தார். போன் பண்ணினேன். அவசரமே படவில்லை. "அக்கா, நீங்க நல்லா யோசிச்சுட்டே சொல்லுங்க" என்றார். அப்புறம் ஒரு வீடியோ அனுப்பினார். அதில்தான் நான் விழுந்தேன். தகரக் கொட்டகை, வாசலில் காது உடைந்த ஒரு நீல வாளி. ஒரு வயசான அம்மா அரிசிக் குருணையை இறைத்துக்கொண்டே "பா... பா... பா" என்று கூப்பிடுகிறார். செடிக்குள்ளிருந்து கோழிகள் ஓடி வருகின்றன. கூடைக்குள் ஒரு அடைக்கோழி, கையை நீட்டியதும் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு "குர்ர்" என்கிறது. எங்கள் அப்பத்தா கூப்பிடுவதும் இதே மாதிரிதான். அந்தக் குரலைக் கேட்டதும் மனசு இளகிவிட்டது. இப்படி வளர்க்கிற வீட்டில் பொய் இருக்காது என்று நினைத்தேன்.

20 பெட்டை, ஒன்று 750 ரூபாய். இரண்டு சேவல், 900 வீதம். வண்டி வாடகை 1,200. மொத்தம் 18,000 ரூபாய். முழுப் பணத்தையும் முன்னாலேயே போனில் அனுப்பிவிட்டேன்.

வத்தலக்குண்டில் பெட்டியை வாங்கும்போதே இருட்டிவிட்டது. சாக்கு போட்டு மூடியிருந்தது. திறந்து பார்க்காமல் அப்படியே ஜீப்பில் ஏற்றினோம். காலையில் திறந்துவிட்டால் ஒன்றும் ஓடவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. தரையைக் கிளறத் தெரியவில்லை. தட்டில் தீவனம் போட்டால்தான் வருகின்றன. அப்பத்தா ஒன்றைப் பிடித்து மடியில் வைத்து மூக்கை விரலால் தடவினார். மேல் அலகு மழுங்கி, கீழ் அலகு துருத்திக்கொண்டு இருந்தது. "ஏத்தா, இதை எவன்கிட்ட வாங்குன? மூக்கு வெட்டியிருக்கு பாரு. இது பண்ணைச் சரக்குத்தான்" என்றார். நெருக்கி அடைத்து வளர்க்கிற பண்ணையில், ஒன்றை ஒன்று கொத்தாமலிருக்க அலகு நுனியைக் கருக்கிவிடுவார்கள். வாசலில் மேய்ந்து வளர்ந்த கோழிக்கு அந்த வேலையை யார் செய்கிறார்கள்? கால்நடை மருந்தகத்து டாக்டரும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார், கலப்பு என்று.

அன்றைக்கே கூப்பிட்டேன். "ஊர் மாறியிருக்குக்கா, செட் ஆக ஒரு மாசம் ஆகும்" என்றார். சரி என்று பொறுத்தேன். அந்த ஒரு மாதத்தில் மரம் ஏறத் தெரியாமல் வாழையடியில் படுத்த நாலு பெட்டையை மரநாய் கொண்டுபோனது. மிச்சம் முட்டை இட்டுக்கொண்டே இருக்கிறது, ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. மிளகு நிறுக்கிற தராசில் வைத்தேன், முட்டை 56 கிராம். எங்கள் பழைய கோழி முட்டை 40 கிராமைத் தாண்டியதில்லை. முட்டை அதிகம் வந்தால் நல்லதுதானே என்று கேட்காதீர்கள். அடை இருக்கிற நாளில் கோழி முட்டை இடாது. அதனால் முட்டைக்கென்று உருவாக்கிய ரகங்களில் அந்தக் குணத்தைத் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவிட்டார்கள். அந்த ரத்தம் கலந்தால் அடை நின்றுபோகும். வனராஜா, கிராமப்பிரியா மாதிரி புதிதாக உருவாக்கிய ரகங்களை அதனதன் பேரைச் சொல்லி விற்றால் யாருக்கும் வருத்தமில்லை. சிறுவிடை என்று சொல்லி சிறுவிடை விலைக்கு விற்றதுதான் அயோக்கியத்தனம்.

இரண்டாவது தடவை கூப்பிட்டபோது "உங்க ஊர்க் குளிருக்கு அடை உட்காராதுக்கா" என்கிறார். என் அப்பத்தாவின் அப்பத்தா காலத்திலிருந்து இந்தக் குளிரில்தான் கோழி அடை இருந்திருக்கிறது! செயலிக்காரர்களிடம் புகார் கொடுத்தேன். உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை, விற்றவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று ஒரே வரியில் பதில் போட்டுப் புகாரை மூடிவிட்டார்கள். 18,000 ரூபாய்க்கு ஒரு வரி.

அப்புறம் அவரே கூப்பிட்டு, இன்னும் 4,000 போட்டால் பத்து கடக்நாத் கருங்கோழி மாற்றித் தருவதாகச் சொன்னார். படம் அனுப்பினார். இறகு கறுப்புதான், கொண்டையோ ரத்தச் சிவப்பு. கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பக்கத்துக் கோழி, அதன் கறி 2018-இல் புவிசார் குறியீடு வாங்கியது. அந்தக் கோழிக்குக் கொண்டை, நாக்கு, தோல், எலும்பு வரை கறுப்பு ஓடியிருக்கும். நாக்கைத் திறந்து காட்டச் சொன்னேன். பதில் இல்லை. போன வாரம் அதே செயலியில் வேறு ஊர், வேறு பேரில் ஒருவர் போட்டிருந்த விளம்பரத்தைப் பார்த்தேன். அதே வீடியோ, அதே அம்மா, காது உடைந்த அதே நீல வாளி. அதை அனுப்பி என் 18,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். நேற்று பிளாக்.

அடையாளம் சொல்கிறேன் என்றேன். எரிச்சலில் இதற்கு மேல் ஓடவில்லை, இவ்வளவுதான். நிறத்தையும் கால் நிறத்தையும் வைத்து முடிவு பண்ணாதீர்கள், சிறுவிடை பல நிறத்தில் வரும். மூக்கைத் தடவிப் பாருங்கள். தூக்கிப் பாருங்கள், வளர்ந்த பெட்டை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கனத்தால் சந்தேகப்படுங்கள். நேரில் போங்கள், அதுவும் கோழி அடைகிற நேரத்தில். முட்டை மேல் உட்கார்ந்திருக்கிற கோழியைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். நோய் ஒட்டாமலிருக்கப் புதுக் கோழியை மூன்று வாரமாவது தனியாக வையுங்கள்.

பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பூலத்தூர் பக்கம் யாரிடமாவது அடை இருக்கிற வீட்டுக் கோழி விற்பதற்கு இருந்தால் இங்கே சொல்லுங்கள். அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே வருகிறேன்.