கடலுணவு சௌடர்: கிரீமா, டின் பாலா, தேங்காய்ப்பாலா?

பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில், சௌடர் என்னும் கெட்டியான கடலுணவுச் சூப்பைச் சமைக்க முனைபவருக்கு மீனைப் பற்றிய கவலை குறைவு. கோலசிலாங்கூர் பக்கம் பாசிர் பெனாம்பாங் மீனவக் கிராமம் இருக்கிறது. சட்டிக்குள் எந்தப் பாலை ஊற்றுவது என்பதே தீர்க்க வேண்டிய கேள்வி.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வட்டாரத்துச் சௌடரில் உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, மட்டி, பால் அல்லது கிரீம் ஆகியவை சேரும். கொழுப்புக்குப் பதில் வெண்ணெய் போதும். தக்காளி சேர்க்கும் மன்ஹாட்டன் வகையும் உண்டு. சௌடரில் தக்காளி சேர்ப்பதையே தடை செய்ய வேண்டும் என்று 1939இல் மேய்ன் மாநிலச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவரும் அளவுக்கு இரு தரப்புக்கும் பகை இருந்தது. நம் நாவுக்கு மன்ஹாட்டன் வகை புளி குறைந்த மீன் குழம்பாகவே படும் என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

கிரீம் எளிதில் திரியாது. வழவழப்பும் அதில்தான் மிகுதி. ஆனால் அதன் கொழுப்பு மட்டிச் சாற்றின் உவர்ப்பை மூடிவிடுகிறது, பிரித்த பெட்டியில் மீந்ததும் சில நாள்களில் கெட்டுப்போகிறது. வெறும் பசும்பால் மலிவானது என்றாலும், கொதி வந்தால் திரியக்கூடியது; மாவின் துணையின்றி அதை நம்ப முடியாது.

சர்க்கரை சேர்க்காத டின் பால் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. பாலிலுள்ள நீரில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை வற்றவைத்து, நிலைப்படுத்தும் உப்புகளைச் சேர்த்திருப்பதால் அது சூட்டைத் தாங்கும். ஊரின் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். அதன் காய்ச்சிய வாசனை சிலருக்குப் பிடிக்காது. தே தாரேக் என்னும் ஆற்றிய பால் தேநீருக்குக் கலக்கும் இனிப்புப் பாலை அவசரத்தில் ஊற்றிவிட்டால் மொத்தச் சட்டியும் வீண். டின்னில் ஒட்டிய வில்லையையும் படிக்க வேண்டும்: டின்னில் விற்கும் பலவற்றில் பால் கொழுப்புக்குப் பதில் பாமாயில்தான் இருக்கும், அதாவது தோட்டத்துச் செம்பனையே சுற்றி வந்து நம் சட்டிக்குள் விழுகிறது. சுவையில் அதனால் பெரிய குறை ஒன்றும் நான் காணவில்லை.

தேங்காய்ப்பாலின் ருசியை யாரும் மறுக்க முடியாது. எனினும் அதன் இனிப்பும் மணமும் கடலுணவை முந்திக்கொள்வதாலும், கொதித்தால் எண்ணெய் பிரிவதாலும், கிடைப்பது சொதியின் தங்கையே தவிர சௌடர் அன்று. ஆகவே என் தேர்வு டின் பால்தான்.

கெட்டிப்படுத்த வெண்ணெயில் வறுத்த மாவு விரைவான வழி. ஆனால் சற்று மிகுந்தாலும் கஞ்சியாகிவிடும். நான்கு பேருக்கு 400 கிராம் உருளைக்கிழங்கை வேகவைத்து, அதில் கால் பங்கை மட்டும் கரண்டியால் மசித்துவிட்டால், மாவின்றியே சாறு திரண்டு நிற்கும்.

பாலைவிடப் பெரிய வேறுபாடு அடிச்சாற்றில் இருக்கிறது. கடையில் விற்கும் சூப்புக் கட்டியைவிட, இறால் தலையையும் ஓட்டையும் வெண்ணெயில் சிவக்க வதக்கி, ஒரு லிட்டர் நீரில் 20 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டிய சாறு பல மடங்கு மேலானது. குப்பைக்குப் போகும் பொருளில் வருவதால் செலவும் இல்லை.

மட்டியில் லாலாவையே தேர்ந்தெடுக்கலாம். இன்னொரு மட்டியான கெராங்கின் செந்நிறச் சாறு பாலில் கலந்தால் சட்டி பழுப்பேறும். மீனில் தெங்கிரி (வஞ்சிரம்) உறுதியாக நிற்கும் என்றாலும் கூடுதலாக வெந்தால் வறண்டுவிடும். சியாக்காப் (கொடுவா) மென்மையானது, கிளறினால் உதிரும். கெம்போங் மீனைக் கறிக்கே விட்டுவிடுவது நல்லது. லாலாவைத் தனியாக வேகவைத்து, வாய் திறக்காதவற்றை எறிந்துவிட்டு, அதன் சாற்றை வடித்துச் சேர்க்க வேண்டும். பாலை ஊற்றியபின் தீயைக் குறைத்து முதலில் மீன் துண்டுகளையும், கடைசி மூன்று நிமிடத்தில் இறாலையும் இட வேண்டும். லாலாச் சாறே உவர்ப்பானது என்பதால் சட்டியை இறக்கும் முன் ருசி பார்த்துத்தான் உப்புப் போட வேண்டும்.

அமெரிக்கர்கள் இதன் மேல் சிறு உப்பு பிஸ்கட்டுகளைத் தூவுவார்கள். வீட்டு டின்னில் இருக்கும் கிரீம் கிராக்கரை நொறுக்கிப் போட்டால் அதுவே போதும்.