கீழக்கரையிலிருந்து துபாய்: மதுரையா, திருச்சியா, சென்னையா?

முதல் தடவையாகத் துபாய் போகப்போகும் சாச்சி (சித்தி) மகன் கேட்டான்: "காக்கா (அண்ணே), எந்த ஏர்போர்ட்ல இருந்து போனா கிட்ட?" எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்விதான். மேப்பை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் எனக்கே ஆச்சரியம். நேர்கோட்டில் சென்னையிலிருந்து துபாய் சுமார் 2,935 கி.மீ., திருச்சியிலிருந்து 2,940, மதுரையிலிருந்து 2,950. மூன்றுக்கும் 15 கி.மீ.க்கு மேல் வித்தியாசம் தேறாது. சென்னை கிழக்கே தள்ளி இருந்தாலும் வடக்கே ஏறி இருப்பதால் கணக்கு சரியாகிவிடுகிறது. எங்கே ஏறினாலும் வானத்தில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான்.

அதனால் நாம் பார்க்க வேண்டியது தரைப்பயணத்தை.

மதுரை என்றால் ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை, திருப்புவனம் வழியாக ரிங் ரோடு பிடித்து இரண்டரை மணி நேரம். மூன்று மணி நேரம் முன்னாடியே உள்ளே போய்விட வேண்டும். வாசலில் கார் ஏறியதிலிருந்து துபாயில் இறங்கும் வரை பத்து மணி நேரத்தில் முடிந்துவிடும். வயசான உம்மாவையோ கைக்குழந்தையையோ கூட்டிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஒரே குறை, வளைகுடா விமானங்கள் இங்கே குறைவு. நாம் நினைத்த நாளில் கிடைக்காது.

திருச்சிக்கு தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாக நாலு மணி நேரம். விமான நிலையம் புதுக்கோட்டை ரோட்டிலேயே இருப்பதால் டவுன் நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. துபாய், சார்ஜா என்று விமானங்களும் அதிகம். மதுரையைவிட ஒன்றரை மணி நேரம்தான் கூடுதல். டிக்கெட்டில் நாலாயிரம் ஐயாயிரம் மிச்சமானால் தனியாளாகப் போகிற இளவட்டம் தாராளமாகத் திருச்சிக்கே போகலாம். ஆனால் கார் வாடகையையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கணும்.

சென்னைக்கு ராமநாதபுரத்தில் ராத்திரி ரயில் ஏறி விடிகாலை தாம்பரத்தில் இறங்கி, லோக்கல் ரயிலில் திரிசூலம் போனால் எதிரிலேயே விமான நிலையம். செலவு குறைவுதான், ஆனால் பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெட்டியோடு தாம்பரத்துப் படிக்கட்டில் ஏறி இறங்குவதும் லேசில்லை. தொதல் இனிப்பும் கருவாடும் கட்டிய முப்பது கிலோ பெட்டி ஒரு படிக்கு ஒரு தரம் முழங்காலில் இடிக்கும்.

மதுரையில் ஏறிச் சென்னையில் மாறுகிற டிக்கெட்டை மட்டும் எடுக்காதீர்கள். 420 கி.மீ. வடகிழக்கே பறந்தும் துபாய் 15 கி.மீ.தான் கிட்ட வரும். இடையில் காத்திருப்பு வேறு.

இன்னொன்று, டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். பகல் 12 மணிக்குக் கிளம்பி 2.45க்கு இறங்குவதாக இருந்தால் பயணம் நாலேகால் மணி நேரம். திரும்பி வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் உண்மையில் சீக்கிரம் வந்துவிடும். டிக்கெட்டைப் பார்த்தால் ஐந்தரை மணி நேரம் மாதிரித் தெரியும். இது தெரியாமல் என் லாத்தா (அக்கா) ஒரு தடவை துபாய் போன மச்சானுக்காக ஒன்றரை மணி நேரம் தவித்துக்கொண்டு போனைக் கையிலேயே வைத்திருந்தது.

சாச்சி மகனுக்கு மதுரையில் நேர் விமானம் வியாழக்கிழமை கிடைத்தது. விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுக் கார் எடுக்கிறோம்.